பத்து விநாடிக்கு மேற்பட்ட மௌனங்கள்

மார்ச் 4

பெறுநர்: 3-ஏ, கண்ணாடிக்கடைக்காரர் அவர்கள்
நகல்: செயலாளர், குடியிருப்போர் சங்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மூன்று வார யோசனைக்குப் பிறகு, என் கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றுவது என்று தீர்மானித்தேன். இத்தகைய முடிவுகளை நான் அவசரத்தில் எடுப்பவள் அல்ல. இங்கே குடிவந்த பதினோரு ஆண்டுகளில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றியதில்லை. காவலாளியும் அவர் மைத்துனரும் தூக்க, கட்டில் பன்னிரண்டு அடி பயணம் செய்து பதினொன்று ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பழைய இடத்தில் அலமாரி பதவியேற்றது. தலைநகரங்கள்கூட இதைவிடக் குறைந்த ஆலோசனையோடு மாற்றப்பட்டிருக்கின்றன.

பயனில்லை. உங்கள் குறட்டை பன்னிரண்டு அடியையும் மதிக்கவில்லை, அலமாரியையும் மதிக்கவில்லை.

சங்க விதி 14-இன்படி ஒலி சம்பந்தமான புகார் எழுத்தில், தேதி, நேரம், கால அளவு ஆகிய விவரங்களோடு இருக்க வேண்டும், இல்லையேல் ஏற்கப்படாது. முப்பத்தொரு ஆண்டுகள் வானொலி நிலையத்தில் ஒலிபரப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கு இதில் சிரமம் இல்லை. நேற்று இரவு ஒரு மணி முதல் இரண்டு மணி வரையிலான பதிவை இணைத்திருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். குறட்டை, சரக்கேற்றிய லாரி மேட்டில் ஏறுவது போல இருக்கிறது. அது பழகிவிடும். என் புகார் அதைப் பற்றியது அல்ல. அது நிற்பதைப் பற்றியது. மாதிரிக்கு மூன்று:

1.07 – நின்றது. 31 விநாடி.
1.09 – நின்றது. 24 விநாடி.
1.12 – நின்றது. 58 விநாடி. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து ஒருவர் தலையைத் தூக்கியது போன்ற ஓசை.

ஒரு மணி நேரத்தில் இப்படி நாற்பத்தொரு முறை. ஐம்பத்தெட்டு விநாடி என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளமானது. அதற்குள் நான் எழுந்து, செருப்பைத் தேடி, சுவர் வரை வந்து, காதையும் வைத்துவிட்டேன். அறுபத்தேழு வயதில் அடுத்த வீட்டுச் சுவரில் காதை வைத்து நிற்பது எனக்குப் பெருமை தருவதாக இல்லை.

தயவுசெய்து ஒன்று குறட்டை விடுங்கள், அல்லது விடாதீர்கள். இடையில் நிறுத்தி என்னைக் காக்கவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
3-பி


மார்ச் 6

மேடம்,

கடிதமும் இணைப்பும் கிடைத்தன. நகல் செயலாளருக்குப் போனதால் விஷயம் எனக்கு முன்பே லிஃப்ட் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாம் மாடிக்காரர் நேற்று, "என்ன சார், ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுறீங்களாமே? பகல்ல எதுக்குக் கடை?" என்று விசாரித்தார். செயலாளரை நாம் எல்லோரும் 'சுற்றறிக்கை' என்று அழைப்பது வீண் போகவில்லை.

நான் குறட்டை விடுவதில்லை. ஐம்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டதில்லை என்பது முதல் ஆதாரம். இரண்டாவது, என் மனைவி. இருபத்தாறு ஆண்டுகள் பக்கத்தில் படுத்திருந்தவள் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. அவள் போய் இரண்டு வருடம் ஆவதால் சாட்சிக்கு அழைக்க முடியவில்லை.

விதி 17-இன்படி, புகாருக்கு உள்ளானவர் பதினைந்து நாளுக்குள் தக்க சான்றோடு மறுக்கலாம். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை தெருமுனை டாக்டரிடம் போய், நான் பூரண ஆரோக்கியத்தோடு இருக்கிறேன் என்றும் குறட்டைக்கான உடல்வாகு எனக்கு இல்லை என்றும் சான்றிதழ் வாங்கப் போகிறேன். அன்று கடை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். அந்த ஒரு மணி நேரம் கண் மங்கலாக வாசலில் நிற்கப்போகிறவர்களின் நன்றி உங்களுக்குச் சேரும்.

இப்படிக்கு,
3-ஏ


மார்ச் 12
இதயப் பிரிவு, படுக்கை 9

மேடம்,

சான்றிதழ் கிடைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர், "என்ன சர்டிபிகேட் வேணும்?" என்றார்.

"நான் குறட்டை விடறதில்லைன்னு."

"அப்படி ஒண்ணு நான் யாருக்கும் கொடுத்ததில்ல. கையைக் கொடுங்க."

கொடுத்தேன். நாடியைப் பிடித்தவர் விடவே இல்லை. ஜோசியரிடம் வந்துவிட்டோமோ என்று தோன்றும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"படி ஏறி வந்தீங்களா?"

"உங்க கிளினிக் கீழ்த்தளம்தானே."

"படபடப்பு?"

"இப்பத்தான், உங்க முகத்தைப் பார்த்ததும்."

"பகல்ல தூக்கம் வருதா?"

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கண் பரிசோதிக்கும் அறை இருட்டானது. போன மாதம் ஒருவர் பலகையில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை வாசித்து முடித்து, அச்சகத்தின் பெயரையும் வாசித்து, "சார், இனிமே சுவர்தான் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் நான் விழித்தேன்.

ஈசிஜி எடுத்தார்கள். என் இதயம் தாளம் போடுவதை விட்டுவிட்டு, வேலையில்லாதவன் மேஜையில் விரலால் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருக்கிறதாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். மேல் அறை சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் அங்கே தேங்கும், தேங்கினால் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எவ்வளவு நாளாக இப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. "இன்னிக்கு வந்தீங்களே, அதுவே பெரிசு. ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்.

மறுப்புக்கு ஆதாரமாக எடுத்துப் போயிருந்த உங்கள் பட்டியலைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"யார் எழுதினது?"

"பக்கத்து வீட்டம்மா."

"டாக்டரா?"

"இல்ல, எதிரி."

அவர் என்னை நேராக இங்கே அனுப்பிவிட்டார். உங்கள் புகார் இப்போது என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். துணிப்பை கொண்டுவந்த காவலாளியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த நிலைமையில் விதி 17-இன்படி மறுப்புத் தெரிவிக்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
3-ஏ


மார்ச் 13

ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படித்துவிட்டுப் புகாரை வாபஸ் வாங்கச் செயலாளரிடம் போனேன். விதிகளில் புகார் கொடுப்பதற்கு இடம் இருக்கிறது, திரும்பப் பெற இடம் இல்லை என்றார். ஆகவே சட்டப்படி நீங்கள் இன்னும் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மருத்துவர்கள் என் பட்டியலைப் பார்ப்பதால் ஒரு விளக்கம் அவசியம். வானொலி நிலையத்தில் ஒலிபரப்பு இடையில் நின்றால், பத்து விநாடி வரை மன்னிப்பு உண்டு. பத்தைத் தாண்டினால் பதிவேட்டில் நேரமும் காரணமும் எழுத வேண்டும். 'அறிவிப்பாளருக்கு இருமல்.' 'நாடா அறுந்தது.' ஒரு முறை, 'அமைச்சர் என்ன சொல்ல வந்தார் என்பதை மறந்துவிட்டார், 40 விநாடி.' அந்தப் பழக்கத்தில் உங்களுடையதிலும் பத்து விநாடிக்குக் குறைந்தவற்றை விட்டுவிட்டேன். கணக்கு குறைவாக இருந்தால் காரணம் அதுதான்.

உங்கள் பால்கனிச் செடிகளுக்கு என் பக்கத்துக் குழாய் எட்டுகிறது. தண்ணீர் விடுகிறேன். அனுமதி கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் மிகவும் அமைதியாக இருக்கிறது.

3-பி


ஏப்ரல் 5

அம்மா,

நாம் வெள்ளிக்கிழமை படியில் சந்தித்தபோது லிஃப்ட் பழுதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். நாகரிகம் அதுதான். மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை, இவற்றையெல்லாம் மாட்டிவிட்டு, "இயல்பா தூங்குங்க சார்" என்றாள் கம்பி மாட்டும் பெண். எனக்குத் தூக்கத்தில் மூச்சு மணிக்கு நாற்பத்தாறு முறை நிற்கிறது. ஸ்லீப் ஆப்னியா. அவர்களும் பத்து விநாடிக்கு மேற்பட்டதைத்தான் எண்ணுகிறார்களாம். உங்கள் வானொலி நிலையமும் மருத்துவ உலகமும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே எண்ணுக்கு வந்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியது நாற்பத்தொன்று. விட்டுப்போன ஐந்து, நீங்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது நடந்திருக்கும். இதயத்துக்கான டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, "அந்தம்மா நம்ம ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருவாங்களா?" என்றார்.

அவர் சொன்னது சுருக்கமாக: மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் இதயம் இழுபடுகிறது. ஆகவே தூங்கும்போது முகமூடி மாட்டிக்கொண்டு, காற்றை உள்ளே தள்ளும் இயந்திரத்தோடு படுக்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டால் ஜூலையில் ஒரு ஷாக் கொடுத்து இதயத்தைப் பழைய தாளத்துக்குத் திருப்பலாம். "போடலைன்னா?" என்றேன். "திருப்பியும் பிரயோஜனமில்ல. பழையபடி ஓடிடும். நான் ஷாக் கொடுக்க மாட்டேன்."

"நான் போடறேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெஷின் தினமும் எங்களுக்குச் சொல்லிடும்."

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான் மறுபடி எனக்கு வருகைப் பதிவேடு. அதுவும் தூங்குவதற்கு.

முகமூடியை மாட்டிவிட்ட பெண், "முதல் வாரம் ஒரு மாதிரி இருக்கும் சார், அப்புறம் பழகிடும்" என்றாள். இதே வாக்கியத்தைப் புதுக் கண்ணாடி வாங்குகிறவர்களுக்கு முப்பது வருடமாக நான் சொல்லிவருகிறேன். கேட்பவர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று முதல் முறையாகத் தெரிந்துகொண்டேன்.

செடிகள் என்னிடம் இருந்ததைவிட நன்றாக இருக்கின்றன. நன்றி என்று எழுதினால் அது செடிகளுக்கு மட்டும் சொன்னதாக ஆகிவிடும். ஆகவே இன்னும் எழுதவில்லை.

3-ஏ


ஏப்ரல் 9

ஐயா,

நேற்று இரவு 11.10 முதல் காலை 5.52 வரை உங்கள் பக்கத்திலிருந்து தொடர்ச்சியான மௌனம். எங்கள் நிலையத்தில் இப்படி நடந்திருந்தால் அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது என்று பொருள்.

இயந்திரம் வேலை செய்கிறது என்று அறிவு சொன்னது. காது நம்பவில்லை. 5.52க்கு உங்கள் குளியலறைக் குழாய் திறந்தது. 5.53க்கு நான் தூங்கினேன்.

நீங்கள் உயிரோடு இருப்பதை, அதிக சத்தமில்லாத வகையில், தெரிவிக்க ஏதாவது வழி உண்டா?

3-பி


ஏப்ரல் 10

அம்மா,

படுக்கும்போது சுவரில் இரண்டு தட்டு. எழும்போது இரண்டு தட்டு. ஒலிபரப்பு ஆரம்பம், ஒலிபரப்பு முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தட்டினால் ஆம்புலன்ஸ்.

நான்கு நாளாக இருட்டறையில் தூங்கவில்லை. இது என் வாடிக்கையாளர்களுக்கே ஏமாற்றமாக இருக்கிறது. சிலர் அதைப் பார்க்கவே வந்துகொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. ஆனால் முகமூடியின் பட்டை மூக்கின் மேல் சிவப்பாகத் தடம் விட்டுவிடுகிறது. இன்று ஒரு அம்மாள் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க கண்ணாடியே உங்களுக்குச் சரியா உக்காரலையே, எனக்கு எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

பழகிவிடுமாம்.

3-ஏ


மே 8

ஐயா,

இதற்கு நகல் இல்லை. செயலாளருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை.

ஒன்பது இரவுகளாகப் படுக்கும்போது இரண்டு தட்டு வருகிறது. பிறகு பன்னிரண்டரை மணி வாக்கில் லாரியும் வருகிறது. நேற்று மிக நீளமான மௌனம் 49 விநாடி.

முகமூடியைக் கழற்றிவிடுகிறீர்கள். ஜூலைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

3-பி


மே 9

மேடம்,

உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் விதி 14 ஒலியைப் பற்றியது. அக்கறையைப் பற்றி எந்த விதியும் இல்லை.

போன வாரம் அந்த முகமூடியோடு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கடலில் குதிக்கப் போகிறவன் கட்டிலில் விழுந்துவிட்டது போல இருந்தது. ஒரு மனிதன் தன் படுக்கையில் இப்படிக் கிடப்பதென்றால் யாருக்காகவாவது கிடக்க வேண்டும். என் கட்டிலின் மறுபாதியில் மடித்த துணிகள் இருக்கின்றன. அவற்றுக்கு என் குறட்டையால் தொந்தரவு இல்லை.

என் மனைவியோடு இருபத்தாறு ஆண்டுகள் எந்த இயந்திரமும் இல்லாமல் நிம்மதியாகத் தூங்கினேன். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வார்த்தை.

இனி பட்டியல் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

3-ஏ


மே 11

ஐயா,

பட்டியல் எடுக்கவில்லை. இது பட்டியல் அல்ல.

உங்கள் மனைவி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது தவறு. ஒவ்வோர் இரவும் சொன்னார். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லாரி ஓடும். நிற்கும். நின்றதும் அவர் குரல் வரும்: "ஏங்க. ஏங்க, மூச்சு விடுங்க. திரும்பிப் படுங்க." கட்டில் கிரீச்சென்று கேட்கும். மறுபடி லாரி ஓடும். ஓரிரு நிமிஷத்தில் மறுபடி, "ஏங்க." நான் குடிவந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகள் இதைக் கேட்டேன். காய்ச்சலாகக் கிடந்த நாட்களிலும் அவர் சொன்னார். குரல் மட்டும் கம்மியிருந்தது.

ஒரு நாள் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது நானே கேட்டேன், "ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லையாம்மா நீங்க?" என்று. சிரித்தார். "என் முழங்கை தூங்காதுக்கா. மத்ததெல்லாம் தூங்கும்" என்றார்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"சொன்னா கோவிச்சுக்குவார்க்கா. 'நான் குறட்டையே விடறதில்ல'ன்னு சண்டைக்கு வருவார். இதுதான் சுலபம்."

அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு என்னிடம் ஒரு பதிவும் இல்லை. ஏனென்றால் அவர் இருந்தவரை எந்த மௌனமும் பத்து விநாடியைத் தாண்டியதில்லை.

அவர் போன பிறகுதான் முப்பது, நாற்பது, ஐம்பத்தெட்டு. அதைக் கேட்டும் நான் இரண்டு வருடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு ஆண்பிள்ளையிடம் போய் இதை எப்படிப் பேசுவது என்று இருந்துவிட்டேன். கடைசியில் பேச எனக்கு விதி 14 தேவைப்பட்டது. என் பணிக்காலத்தில் நடந்திருந்தால் அந்த இரண்டு வருடத்துக்கும் நான் காரணம் எழுதியிருக்க வேண்டும். என்னிடம் காரணம் இல்லை.

என் முழங்கை சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாது. எழுதத்தான் முடியும். வேண்டாம் என்றால் இதுவே கடைசி.

3-பி


மே 20

அக்கா,

அவள் உங்களை அப்படித்தான் அழைத்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த விஷயத்திலும் எனக்கு முன்பே அவள் எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் இடது விலாவில் எப்போதும் ஒரு வலி இருக்கும். காலையில் எழுந்ததும் அவளைத்தான் திட்டுவேன். "ராத்திரி எதுக்கு இடிச்சுக்கிட்டே இருக்கே? ஒழுங்கா படுக்கத் தெரியாதா உனக்கு?" அவள், "ஏதோ கனவுங்க" என்பாள். இருபத்தாறு வருடம் ஒரே கனவு. அவளுக்குத் தூக்கத்தில் உதைக்கும் வியாதி இருக்கிறது என்று என் தம்பியிடம்கூடச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன். அவள் போன பிறகு விலா வலி நின்றுவிட்டது. அதை நல்ல செய்தியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான்காம் நாள் கட்டிலின் மறுபாதியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். இயந்திரத்தை அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன்.

இந்த வாரச் சராசரி ஆறு மணி நாற்பது நிமிடம். கம்பி மாட்டும் பெண் போன் செய்து, "வெரிகுட் சார்" என்றாள். யாராவது என்னை வெரிகுட் என்று சொல்லி நாற்பத்தைந்து வருடம் இருக்கும்.

நன்றி, அக்கா. இது செடிகளுக்கு இல்லை.

3-ஏ


ஜூலை 9

அக்கா,

நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் வெளியே வந்ததும் இரண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பேசிக்கொண்டோம். விட்டுப்போனதை எழுதுகிறேன்.

ஷாக் கொடுக்கும் முன் மயக்க ஊசி போட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. திரையில் கோடு சீராக ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டில் யாரோ ஒழுங்காகப் பெருக்கிவிட்டுப் போனது போல மார்பு காலியாக, சுத்தமாக இருந்தது. மறுபடி தாளம் தப்பலாம் என்று டாக்டர் எச்சரித்தார். மாத்திரை தொடரும், இயந்திரம் ஆயுள் முழுக்கத் தொடரும். எனக்குப் புகார் இல்லை. மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறினேன். சுற்றறிக்கை எதிரில் வந்து, "லிஃப்ட் சரியாயிடுச்சே, ஏன் படி?" என்றார். "படி இருக்குங்கறதுக்காக" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அனுமதிப் படிவத்தில் 'உடன் வருபவர், உறவு' என்று ஒரு கட்டம். கணவன் அல்லது மனைவி, மகன் அல்லது மகள், பெற்றோர், உடன்பிறந்தவர் என்று நான்குதான் கொடுத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்பதற்குக் கட்டம் இல்லை. "ஏதாவது ஒண்ணைப் போடுங்க சார், பின்னாடி ஆள் நிக்குது" என்றார் குமாஸ்தா. உடன்பிறந்தவர் என்று போட்டேன். "மூத்தவங்களா, இளையவங்களா?" மூத்தவர் என்றேன்.

அதோடு முடியவில்லை. உடன்பிறந்தவர் என்றதும் பக்கத்தைத் திருப்பி இன்னொரு கேள்வி கேட்டார். "அவங்களுக்குக் குறட்டை உண்டா?"

முகமூடி பழகியதிலிருந்து எனக்கு அதிகாலை நாலரைக்கே தூக்கம் முடிந்து விழிப்பு வந்துவிடுகிறது. வீடு அமைதியாக இருக்கிறது. சுவருக்கோ இரண்டு பக்கம் இருக்கிறது.

நான் பட்டியல் எதுவும் எடுக்கவில்லை, அக்கா. எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. கேள்விக்கு உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

நன்றியோடு,
3-ஏ


ஜூலை 25

தம்பி,

பதினாறாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நோயாளியின் உடன்பிறந்தவர் என்ற முறையில் நான் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பதிவேட்டில் தவறான தகவல் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது. திருத்தம் செய்ய நேரில் போனேன்.

"தப்பா இருந்தா எடுத்துடலாம்மா. அதுக்கு முன்னாடி இந்த எட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிடுங்க" என்றாள் அந்தப் பெண். கம்பி மாட்டும் பெண் இவள்தான் என்று பிறகு தெரிந்தது. கேள்வி கேட்டால் பதில் எழுதுவது என் பழக்கம். 'பகலில் சோர்வு உண்டா' என்பதற்கு 'உண்டு' என்று எழுதி, 'காரணம்: அடுத்த வீட்டுக் குறட்டை' என்று குறிப்பும் சேர்த்தேன்.

அவள் படித்துவிட்டு, "அந்த சார் மெஷின் போட ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சும்மா?" என்றாள்.

"மூணு மாசத்துக்கு மேல."

"இப்பவும் ராத்திரி எழுந்துக்கறீங்களா?"

"அஞ்சு தடவை."

"இப்ப யார் குறட்டை?"

முப்பத்தொரு ஆண்டுப் பணியில் என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

கம்பி மாட்டினார்கள். மணிக்கு இருபத்தேழு. மிக நீளமானது 38 விநாடி. அதைக் கேட்டதும் என் வாய் தானாக, "காரணம் என்ன போட்டிருக்கீங்க?" என்றது. ஈசிஜியும் எடுத்தார்கள். என் இதயம் இன்னும் தாளத்தில்தான் இருக்கிறது. "கெடறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. நிறையப் பேர் வர்றதில்ல. யார் சொல்லி வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"தம்பி" என்றேன்.

எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த ஐந்து விழிப்புகளையும் இத்தனை நாள் உங்கள் பெயரில் எழுதிவந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறேன். உங்கள் மனைவி இருந்திருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார். சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பது இந்த வயதில் சின்ன விஷயம் இல்லை. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிளம்பும்போது அந்தப் பெண், "உறவைத் திருத்தணும்னு சொன்னீங்களேம்மா, அதுக்குத் தனி ஃபார்ம் இருக்கு, தரட்டுமா?" என்றாள். நேரமாகிவிட்டது, வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: இயந்திரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறது.